தாய்மாமன் சாட்சி

லகாட் அருகே, தோட்டத்து ஆபீஸ்
12-8-1943

மதிப்புக்குரிய மைத்துனர் பழனியப்பன் அவர்களுக்கு,

ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை முத்தம்மாவும் பாப்பாவும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நலம். தைப்பிங்கில் உங்கள் நலத்தை விசாரிப்பது மரியாதை என்பதால் விசாரிக்கிறேன், பிரியத்தால் அல்ல.

ஏழு வருஷத்துக்கு முன் ஈயச் சுரங்கத்துச் சீனத் தம்பதி பெற்று எங்களுக்குத் தத்துக் கொடுத்த பாப்பாவுக்குக் காது குத்த உங்களை அழைத்தோம். "சீனப் பிள்ளையை என் மடியில வைக்கவா?" என்று நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. தாய்மாமன் மடியைத் தவிர வேறு மடிக்கு முத்தம்மா சம்மதிக்கவில்லை. பிள்ளையின் காது அப்படியே நின்றுவிட்டது.

இப்போது ஜப்பான்காரர் உத்தரவுப்படி வீட்டு ஆட்களைப் பதிய ஒரு தமிழ்க் குமாஸ்தா வந்தான். சீனருக்கு ஒரு புத்தகம், நமக்கு ஒரு புத்தகம். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் 'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்று நான்கு பக்கம் எழுதித் தேறியவன் நான். என் வீட்டு மூன்று பேருக்கு இரண்டு சட்டமாம். சோதனை லாரி வந்தால் சீனரைத் தனி வரிசையில் நிறுத்துகிறார்கள், மச்சான். போனவர்கள் எல்லாரும் திரும்புவதில்லை.

"கிராணி, இது சீனப் பிள்ளைலா," என்றான், தோட்டத்துக் கணக்கனான என்னிடம்.

"போடா விளக்கமாத்துக்கட்டை!" என்றாள் பாப்பா.

"வாய் நம்ம வாய்தான். ஆனா காது குத்தலையே? தாய்மாமன் வந்து கையெழுத்துப் போட்டா நம்ம புத்தகத்துல எழுதுறேன்."

முத்தம்மா அவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "எம்பேருக்குக் கீழ எழுதாம நீ எப்படிப் போறேன்னு பாக்குறேன்!"

ஆகவே உறவாக வர வேண்டாம். சாட்சியாக வந்து கையெழுத்திட்டு அடுத்த ரயிலில் போய்விடுங்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையான என்னையே இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தீர்களே, அந்தக் கணக்கை யுத்தம் முடிந்து பேசிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் அரிசியும் அமைதியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயபாலன்

பி.கு.: நீங்கள் கையெழுத்திட வர வேண்டாம். இதை உறையில் போடுவதற்குள் எழுபது வயதுக் கங்காணி இராமசாமி, தான்தான் முத்தம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் என்று சத்தியம் செய்து கைநாட்டு வைத்துவிட்டார். குமாஸ்தாவும் பேனா கிடைத்தால் போதுமென்று எழுதிவிட்டான். பாப்பா நம் புத்தகத்தில் இருக்கிறாள். சட்டப்படி இனி எனக்கு மைத்துனர் இராமசாமிதான். ஆனால் அவர் காது குத்த ஊசியோடு கூப்பிட்டபோது, "நீங்க தாத்தாலா! எம் மாமா தைப்பிங்ல இருக்காரு," என்று சொல்லிவிட்டாள். ஏழு வருஷமாக உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் அவளிடம் சொன்னதில்லை, மச்சான். உறவாகவே வாங்க.