ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் தெரிந்த கம்ப்யூட்டர்

அறந்தாங்கிக்குத் தெற்கே,
வியாழன் மதியம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை திருமுருகன் அவர்களுக்கு, மாமன் ரெங்கசாமி எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் அமுதவல்லியும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான், உங்கள் அத்தை, சின்னவள் சுகுணா, கறவை மாடு எல்லோரும் சுகம். பாகம் பாகமாக வாங்கி நீங்கள் சொந்தக் கையால் பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் பேசினால் உங்கள் அத்தை செங்கமலம் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்புள்ளகிட்ட இப்புடியா பேசுறது" என்று கிள்ளுகிறாள். கடிதம் எழுதும்போது அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டி, "இனிமே பத்து வருசத்துக்குக் கவலையில்ல மாமா" என்றீர்கள். பத்து வருஷம் கிடக்கட்டும், ஒரு ராத்திரி தாங்கியதா? திங்கட்கிழமை சுகுணா பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் நாலு வரி இங்கிலீஷ். தேதியும் நேரமும் அதற்குத் தெரியவில்லையாம், எஃப் ஒன் என்ற பொத்தானை அமுக்க வேண்டுமாம். அமுக்கினாள், வேண்டாவெறுப்பாகத் திறந்தது, திறந்தால் மூலையில் 2009 ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறது. 2009-இல் சுகுணா மூன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டு கிடையாது. இப்போது பி.எட். முடித்து டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கிறாள். "உங்கள் கடிகாரம் தப்பு" என்று சொல்லி விண்ணப்பப் பக்கம் அவளை உள்ளேயே விடவில்லை. தேதியைக் கையால் மாற்றினாள், உள்ளே விட்டது, எல்லாம் அடித்துப் போட்டோ ஏற்றுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது, வந்ததும் மறுபடி எஃப் ஒன், மறுபடி 2009. செவ்வாய்க்கிழமையும் இதே கூத்து. புதன்கிழமை கரண்ட் போகவில்லை. அவள் சாப்பிடப் போனபோது நான்தான் வழக்கம்போல் சுவிட்சை அணைத்தேன். ஆளில்லாத இடத்தில் கரண்ட் எதற்கு? அதற்கும் 2009. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. இன்ஜினியர் யாரும் அதைத் தொட்டதில்லை, அதற்கு நேரம் தெரிகிறது.

விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு எந்த வருஷமோ. சுகுணா காலையிலிருந்து சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "உதயசூரியன் கடையில போயி அடிச்சிட்டு வந்துர்றேம்ப்பா" என்று மூன்று நாளாகக் கெஞ்சினாள். நான் விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அந்த உதயசூரியனிடம், "எங்க மாப்புள்ளையே செஞ்சு குடுத்துட்டாரு, இனிமே ஒங்க கடைப் பக்கம் எங்களுக்கு வேலையில்ல" என்று நாலு பேர் முன்னால் நான் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உங்களை நம்பிச் சொன்னேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் வந்தால் நின்ற இடத்தில் தீர்க்கிற சமர்த்து வேண்டும் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம், நாலேகாலுக்கு உங்கள் கார்ச் சாவி செத்துப்போனது. ரிமோட்டை அமுக்கி அமுக்கி நீங்கள் வேர்த்து நின்றீர்கள். ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. உள்ளே போய் மூன்றே நிமிடத்தில் ரூபாய் வட்டத்தில் பேட்டரியோடு வந்தது யார்? எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான். ராகு காலம் பிறக்குமுன் உங்கள் வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. அது எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? நானாகவும் சொல்லிக்கொள்ளவில்லை, எனக்குப் பெருமை பிடிக்காது.

அறந்தாங்கியிலிருந்து மெக்கானிக் அன்வர் பாட்சாவை வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கைவேலையை வெளியாள் திறந்து பார்க்கப்போகிறார், அந்தக் கேவலத்துக்கு நான் பொறுப்பில்லை. பொங்கலுக்கு வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். வயதில் மூத்தவன் என்ற முறைக்கு உங்களுக்கும் உண்டு.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பின்குறிப்பு: அன்வர் பாட்சா வந்தார். தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நேரத்த ஞாபகம் வச்சுக்கிற பேட்டரி இங்கன இருக்கணுமேண்ணே. எடம் காலியா இருக்கு, யாரு எடுத்தா?" என்றார். சுவரிலிருந்து அவ்வளவு தடியான வயர் போகும்போது காசு மாதிரி ஒரு பேட்டரி எதற்கு, உபரியாகச் செருகி வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தேன். நீங்கள் கழற்றிய தகட்டை அப்போது மாட்டியிருக்கவும் இல்லை, நீங்கள் போன பிறகு நான்தான் மாட்டினேன். செங்கமலம் என்னைப் பார்த்தாள். சுகுணாவும் பார்த்தாள், இன்றைக்கு முதல் தடவையாக.

அன்வர் பாட்சாவிடம் அந்த பேட்டரி இல்லை. ஊரில் ஒரே கடையில்தான் இருந்தது. நானே போனேன். உதயசூரியன், "எதுக்குங்க?" என்று கேட்டார். கடிகாரத்துக்கு என்றேன். நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். செங்கமலம் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசுறப்ப கிள்ளுனேன், கேக்கல. இப்ப ஒட்டுங்க, மாப்புள்ள படிக்கட்டும்" என்று உறையோடு நிற்கிறாள். ஆகவே முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கடைசி வரி வேண்டாம்.