கிணற்றுத் தண்ணீரிலும் கலப்படம்

புதிதாக உத்தியோகம் கிடைத்தவனிடம் முத்திரை போடும் அதிகாரத்தைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்று தேனி கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருடங்கள். நெய்யில் மலிவான எண்ணெயைக் கலப்பது பெருகிவிட்டதால், நெய்யைச் சோதித்து டின்னில் சர்க்கார் முத்திரை போடும் திட்டம் எங்கள் பக்கமும் வந்தது. முத்திரை இருந்தால்தான் வெளியூரில் மதிப்பு. மதுரையில் சில வாரம் பயிற்சி பெற்றுவந்த நான்தான் பரிசோதகன். (என் நடையைப் பார்த்துக் கலெக்டர் என்று நினைத்தவர்களை நான் திருத்தவில்லை.)

நெய் வியாபாரி வெள்ளைச்சாமி முதல் ஆளாக வந்தார். சோதனையைக் கடை வாசலில், ஊர் பார்க்கச் செய்வது என்னுடைய யோசனை.

உருக்கிய நெய்யைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் குலுக்கி, மருந்து விட வேண்டும். நல்லெண்ணெய் கலந்திருந்தால் சிவக்கும். குழாய்க்குத் தக்கை இருந்தது. ஆனால் கட்டைவிரலால் வாயை மூடிக் குலுக்கினால்தான் கைதேர்ந்தவன் போல் தெரியும்!

நெய் சிவந்தது. "கலப்படம்!" என்றேன்.

வெள்ளைச்சாமிக்கு முகம் செத்துவிட்டது. அவருக்கு நெய் கொடுக்கும் பொட்டிப்புரம் வீரம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏன் சாமி, என் எருமை மடியில என்ன செக்கா ஓடுது? இந்தா, இது காலைல உருக்குனது. பாருங்க!"

அதுவும் சிவந்தது. எதிர்க்கடைக்காரர் சிரித்தார். அவருடைய நெய்யையும் வாங்கிப் பார்த்தேன். சிவந்தது, சிரிப்பு நின்றது. தேனி வட்டாரம் முழுவதையும் ஒரே காலையில் பிடித்துவிட்ட பெருமிதத்தில் தலைமுடியைக் கோதிக்கொண்டேன்.

வெள்ளைச்சாமி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். எனக்குக் குடிக்கத்தான் என்று கையை நீட்டினேன்.

"குடிக்க இல்ல தம்பி. எங்க கெணத்துத் தண்ணி. இதையும் சோதிச்சுச் சொல்லுங்க."

ஊற்றினேன், மூடினேன், குலுக்கினேன், மருந்து விட்டேன். தண்ணீரும் சிவந்தது.

"ஏலே, கெணத்துலயும் கலந்துட்டாகளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கடைவீதியே சிரித்தது.

அன்று சனிக்கிழமை. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்து, அவசரத்தில் சீயக்காயை அரைகுறையாகத் தேய்த்துக் குளித்துவிட்டு ஓடிவந்திருந்தேன். அந்தத் தலையை நொடிக்கொரு தரம் கோதிய கட்டைவிரல் வெயிலில் பளபளத்தது.

சோப்புப் போட்டுக் கையையும் குழாயையும் கழுவி, தக்கையை எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி சோதித்தேன். வெள்ளைச்சாமியின் நெய் சுத்தம். வீரம்மாளின் நெய்யும் சுத்தம். எதிர்க்கடைக்காரருடையது மட்டும் நன்றாகச் சிவந்தது. ஆனால் அதை நம்பத்தான் ஒருவரும் இல்லை.

"தம்பி, இன்னொருக்கா சீயக்கா தேச்சுக் குளிச்சிட்டு வாங்க" என்றார் எதிர்க்கடைக்காரர், மிக அன்பாக.

வீரம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் சாமி. இனிமே சனிக்கெழமை மட்டும் வராதீக" என்றார்.

பின்னாளில் வெள்ளைச்சாமியே தன் தங்கை மகளை எனக்குக் கட்டிவைத்தார். கதை முழுவதையும் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இன்றும் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று நான் வாயைத் திறந்தால் போதும். ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்து அவள் சொல்வாள்:

"மொதல்ல இது நல்லாருக்கான்னு சொல்லுங்க. அப்புறம் சாம்பாருக்கு வருவோம்."