சடைச்சி உபயம்

“கொடுத்தது நானு. ஆனா அந்தக் குரங்கு தொட்டாத்தான் என் பேரு வருமாம்” என்று நீர்த்துறையில் ஒரு கொக்கு இன்னொரு கொக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன விஷயம் என்று விசாரித்தபோது கிடைத்த கதை இது.

ஒரு காட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கலைக்கூடம் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் மேடைக்கு இடம் விடவில்லை என்பது தெரிந்தது. நன்கொடையாளர் சுவருக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

கூடம் நின்ற இடம் முன்பு ஒரு குட்டை. செங்கமலம் என்ற எருமைக்குச் சொந்தமானது. அதன் தாய் சடைச்சி அந்தச் சேற்றில்தான் ஊறிக் கிடந்தது, அதில்தான் உயிரையும் விட்டது. குட்டையைத் தூர்த்துக்கொள்ளச் சம்மதித்தபோது செங்கமலம் கேட்டது ஒன்றுதான். ‘உபயம்’ என்று போட்டு அம்மா பெயரை எழுத வேண்டும். கல்லில் வெட்டினால் போதும் என்றது. கல்லெல்லாம் அந்தக் காலம், நாம் தொடுதிரை வைக்கிறோம் என்றது செயலாளர் கரடி.

நகரத்து மாடிகளில் மூன்று வருடம் தாவிவிட்டு வந்திருந்த குரங்கிடம் வேலையை ஒப்படைத்தார்கள். பெயரைத் தொட்டால் கொடுத்தவரின் முகம் வரும். ஒரு குரல் பெயரைச் சொல்லும். அதிகம் தொடப்படும் பெயர் மேலே ஏறும். தொடப்படாத பெயர் இறங்கி இறங்கி, ஒரு மாதத்தில் அழிந்துவிடும். சோதித்துப் பார்த்தாயா என்று கரடி கேட்டதற்கு, நானே ஆயிரம் தடவை தொட்டுப் பார்த்தேன் என்றது குரங்கு. குழு கைதட்டியது. குழுவில் கைதட்டத் தெரிந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

திறப்பு விழாவில் பொன்னாடைகள் போர்த்தி முடித்ததும், செங்கமலம் குளம்பால் அம்மா பெயரைத் தொட்டது. ஒன்றும் நடக்கவில்லை. சுவருக்குச் சதைதான் தெரியும். குளம்பு, கொம்பு, அலகு எதுவும் தெரியாது.

“தம்பி, எங்கம்மா வரலையே” என்றது குரங்கிடம்.

“விரலால தொடணும்க்கா.”

“எனக்கு ஏதுப்பா விரலு?”

“அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்க்கா.”

செங்கமலம் கரடியிடம் முறையிட்டது. கரடி ஒரு புகார்ப் படிவத்தைக் கொடுத்தது. அதன் அடியில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில், ஒரே ஒரு கொட்டாங்கச்சி கொடுத்திருந்த குரங்கின் சித்தப்பா முதலிடத்துக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் முறைவைத்துத் தொட்டார்கள். சடைச்சியின் பெயர் தரையோரம் வந்து மங்கிக்கொண்டிருந்தது.

மாதத்தின் கடைசி நாள் சித்தப்பாவுக்குப் பாராட்டு விழா. கரடி வரவேற்புரையில் இருந்தபோது செங்கமலம் உள்ளே வந்தது. யாரையும் பார்க்கவில்லை. குட்டை இருந்தபோது படுப்பதுபோலவே சுவரடியில் கால்களை மடக்கிப் படுத்தது. பெயர் அதன் முகத்துக்கு நேராக இருந்தது. செங்கமலம் நாக்கை நீட்டி, கன்றை நக்குவதுபோல அதை நக்கியது.

“சடைச்சி” என்றது சுவர்.

மறுபடி நக்கியது. சுவர் மறுபடி சொன்னது. பெயர் ஒவ்வொரு வரியாக ஏற, செங்கமலமும் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, பின்னாலேயே நக்கிக்கொண்டு போனது. வழியில் இருந்த கொக்கு, ஆமை, மான் பெயர்களையெல்லாம் சுவர் எச்சில் ஒழுகக் கூப்பிட்டது. கடைசியில் சித்தப்பா ஒரு படி கீழே இறங்கினார். சடைச்சியின் முகம் சுவர் முழுக்க வந்தது.

செங்கமலம் அதையும் நக்கியது.

மறுநாள் காலை குழு அவசரமாகக் கூடி, சுவரடியில் ஒரு பலகையை மாட்டியது.

நீதி: சுவரை நக்கக் கூடாது.