ஊட்டிக்கு ஒரு ஒத்திகை

குதிரை தணிகாசலத்தைப் பார்த்தது. தணிகாசலமும் குதிரையைப் பார்த்தான். இரண்டு பேரில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டியது. குதிரை நிம்மதியாகப் புல் மென்றுகொண்டிருந்தது.

“ஏறு தம்பி, அது ஒண்ணும் பண்ணாது” என்றார் ஜட்கா வண்டிக்கார முனிரத்தினம். குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்து, முதுகில் ஒரு கோணியை மடித்துப் போட்டிருந்தார்.

“கடிக்குமாண்ணா?”

“முன்னாடி நின்னா கடிக்கும். பின்னாடி நின்னா ஒதைக்கும். அதுக்குத்தான் மேல ஏறிக்கன்றேன்.”

எல்லாம் வாய்க்கொழுப்பு. தணிகாசலம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளன். பகலெல்லாம் புடவையைப் புகழ்ந்த வாய் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? கல்யாணமான புதிதில் மனைவி ஏலவார்குழலியிடம், “ஊட்டியில நான் ஏறாத குதிரையா? தொட்டபெட்டா உச்சிக்கே குதிரையில போனவன் குழலி” என்று அளந்துவிட்டான். உண்மையில் அவன் ஊட்டியைப் பார்த்ததெல்லாம் காலண்டரில்தான்.

“அப்படியா! எனக்கும் மலைன்னா உசுருங்க” என்று கண்ணை அகல விரித்தாள் அவள்.

அதோடு போயிருக்கும். முதலாளி மயில்வாகனம் கல்யாணப் பரிசு கொடுக்கிறேன் பேர்வழி என்று, “ரெண்டு பேரும் ஊட்டிக்குப் போய் வாங்க. குதிரை ஏறுங்க, படகு வுடுங்க, மலை ஏறுங்க. ரூம், பஸ்ஸு எல்லாம் என் பொறுப்பு” என்று சொல்லித் தொலைத்தார். வெள்ளிக்கிழமை பயணம்.

குழலிக்குத் தலைகால் புரியவில்லை. காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தாள். “இவர் குதிரையில முன்னாடி போவாராம், நான் பின்னாடியே ஏறுவேனாம்” என்று தெருவெல்லாம் சொன்னாள். பிறகு ஒருநாள், “என்னாங்க, நீங்க குதிரை ஏறி ரொம்ப நாளாச்சே. முனிரத்தினம் அண்ணன் குதிரையில ஒருதரம் ஏறிப் பார்த்துக்கினு வாங்களேன்” என்றாள்.

மாட்டேன் என்றால் சாயம் வெளுத்துவிடும். பட்டுக்கடைக்காரனுக்கு அதைவிட மானக்கேடு உண்டா? அதோடு, அவனைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், அதை இழக்க அவனுக்கு மனசே இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அதனால்தான் இப்போது குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுக்கொண்டு ஏறினான். குதிரை நல்ல பிள்ளையாக நடந்து, காந்தி ரோட்டில் முதல் பட்டுக்கடை வாசலில் நின்றது.

“போ... போம்மா” என்று கெஞ்சினான். நகரவில்லை. உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, “வாங்க சார்! முகூர்த்தப் புடவைங்களா?” என்று கும்பிட்டார்.

வெளியூர்க்காரர்களை ஏற்றிவந்து கடைகடையாக இறக்கிவிடுவது ஜட்காக்காரர்கள் வழக்கம். கடைக்காரர்கள் வண்டிக்காரரையும் கவனிப்பார்கள், குதிரைக்கும் ஒரு துண்டு வெல்லம் வைப்பார்கள். முனிரத்தினத்தின் குதிரைக்கு உலகம் என்றால் அவ்வளவுதான். வெல்லத்தைத் தின்றதும் அடுத்த கடையில் போய் நின்றது. அதற்கப்புறம் அது நின்ற இடம், தணிகாசலம் வேலை செய்யும் கடைக்கு நேர் எதிர்க்கடை.

இந்தப் பக்கத்து வாசலில் மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“டேய் தணிகாசலம்! அங்க இன்னாடா வேலை உனக்கு?”

“ஒண்ணுமில்ல முதலாளி, சும்மா வெலை விசாரிக்கலாம்னு...”

எதிர்க்கடைக்காரர் கும்பிட்ட கையை இறக்கினார். “ஓகோ, வேவு பார்க்க வந்தியா?”

“ஐயையோ, இல்லீங்க! புடவை வாங்கத்தான் வந்தேன்!”

“என் கடையில சம்பளம் வாங்கிக்கினு அவன் கடையில புடவை வாங்குறியா?” முதலாளி ரோட்டுக்கே இறங்கிவிட்டார்.

“நான் வரலை முதலாளி! குதிரைதான் வந்துச்சு!”

தெருவே சிரித்தது. பூ வாங்க வந்தவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் முதலாளிக்குக் கோபம் இறங்கி, வியாபார மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

“அது ஏன்டா நம்ம கடையில நிக்க மாட்டேங்குது?”

“நாம வெல்லம் வைக்கிறதில்லையே முதலாளி.”

“அதான் சேதியா! நாளைக்கு இதே குதிரையில வேலைக்கு வா. அது நம்ம வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா நீ எதிர்க்கடைக்கே போயிடு!”

மறுநாள் காலை முதலாளி ஒரு தாம்பாளம் நிறைய வெல்லத்தை உடைத்து, கடைவாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். துண்டு துண்டாகத் தின்றே பழகிய குதிரை, ஜென்மத்தில் முதல்முறையாகத் தாம்பாளத்தைப் பார்த்தது. அப்புறம் யார் சொல்லைக் கேட்கும்? எடுத்தது ஓட்டம்.

“ஐயோ குழலி!” என்று தணிகாசலம் போட்ட சத்தம் காமாட்சி கோயில் வரை கேட்டதாம்.

குதிரை சரியாக முதலாளி கடைவாசலில் நின்றது. தணிகாசலம்தான் நிற்கவில்லை. தாம்பாளத்தைத் தாண்டி, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையைத் தாண்டி, பிரித்து வைத்திருந்த கல்யாணப் புடவைகளுக்கு நடுவில் போய் விழுந்தான்.

“சபாஷ்! கரெக்டா நின்னுடுச்சே!” என்று முதலாளி கைதட்டினார்.

கணுக்காலில் சுளுக்கு. இந்த மாதம் முழுக்க மலைப்பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் வைத்தியர். ஊட்டி ரத்து.

தலையணைமேல் காலை நீட்டிக்கொண்டு கிடந்த தணிகாசலத்துக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மானமும் போகவில்லை, மலையும் ஏற வேண்டாம். வெளியே மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

“கால் மட்டும் நல்லா இருந்திருந்தா, தொட்டபெட்டாவையே ஒரு கலக்கு கலக்கியிருப்பேன் குழலி. உன் ஆசையில மண்ணு விழுந்துடுச்சே.”

குழலி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வுடுங்க, நமக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான். சூடா கேசரி கிளறியிருக்கேன், சாப்பிடுங்க.”

துக்கத்துக்கு யாராவது கேசரி கிளறுவார்களா? அதெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. முந்திரி நிறைய இருந்தது.

அப்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு முனிரத்தினம் உள்ளே வந்தார். குழலி அவசர அவசரமாகக் கண் ஜாடை காட்டினாள். மனுஷன் அதைக் கவனித்தால்தானே!

“மனசுல வச்சிக்காதே தங்கச்சி. ‘மலைன்னாலே எனக்கு மயக்கம் வருதுண்ணா, ஊட்டி நின்னுபோற மாதிரி அவரை லேசாத் தள்ளிவுடுங்க’ன்னுதான் நீ சொன்னே. அந்தப் பாழாப்போன குதிரை கொஞ்சம் பலமாத் தள்ளிடுச்சு!”