நானூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் தொடரை வெட்டிய செய்தி உனக்கு வந்துவிட்டது என்பதும், நீ இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே நலம் விசாரிப்பதை ஒதுக்கிவைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். எட்டு பாகத்தையும் பதினோரு நிமிடமாக்கிய மகானுபாவன் யார் என்று கேட்டு நீ கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தேன். அது நான்தான். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் நான் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியது உனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் புகார் எழுத ஆளில்லாததால் நானே குறை சொல்ல ஆரம்பித்தேன். கதவு கிரீச்சிடுகிறது, துண்டு ஈரமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகத் தும்முகிறார் என்று நாள் முழுக்கச் சொன்னால் உன் அண்ணி எத்தனை நாள்தான் பொறுப்பாள்? "வீட்டுல உக்காந்து இலவசமா குறை சொல்றதுக்கு எங்கயாவது போய் சம்பளத்துக்குச் சொல்லுங்களேன்" என்றாள். என்ன வாய் முகூர்த்தமோ, அடுத்த வாரமே விளம்பரம் வந்தது. கைபேசி, கைக்கடிகாரம், வாசல் மணி என்று செய்து உலகம் பூராவும் விற்கிற கம்பெனி. இப்போது வீட்டுக்கு வீடு போனில் பார்க்கிற தொடர்களையும் அதுவே எடுக்கிறது. "பிறருக்கு என்ன பிடிக்காது என்று முன்கூட்டியே உணரக்கூடியவர் தேவை" என்று போட்டிருந்தார்கள். என் ஜாதகத்தைப் பார்த்து எழுதியது போல இருந்தது.

நேர்முகத் தேர்வில் ஒரு ஆள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற காட்சியைக் காட்டினார்கள். இரண்டு நிமிடம். யாருக்காவது ஆட்சேபம் வருமா என்று கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை என்றது. எனக்கு முன்னால் போன மூன்று பட்டதாரிகளும் சேர்ந்து இரண்டு கண்டுபிடித்திருந்தார்கள். நான் பத்தொன்பது சொன்னேன். தண்ணீர் வராத தெருக்காரர்கள் கேட்பார்கள், இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று. பூ சிவப்பாக இருக்கிறது, எந்த நாட்டிலாவது அது ஒரு கட்சிக்குச் சொந்தமாக இருக்கும். பெரிய செடிக்கு நிறைய ஊற்றுகிறான், சின்னதுக்குக் கொஞ்சம். இது அரசாங்கத்தைத்தான் குத்துகிறது என்று ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கத்துக்காரர்களுமே நினைப்பார்கள். நான் சொல்லச் சொல்ல, எங்கள் மாடித் தலைவி, முப்பது வயதுகூட இருக்காது, எழுந்தே நின்றுவிட்டாள். "ஐயா, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?" என்றாள். புகார்ப் பிரிவில் முப்பத்து நாலு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, எங்கேயாவது தொலைந்து போ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாடி, அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும்! லிஃப்டில் பொத்தானே கிடையாது. நாம் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்பது அதற்கே தெரிகிறது. நம் வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். நாற்காலி நம் முதுகை ஒரு தடவை தாங்கினால் மறுநாள் ஞாபகம் வைத்துக்கொண்டு அதே மாதிரி வளைகிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற மாடியில் குண்டூசி விழுந்தால் கேட்கும். நான் முதல் நாள் தலைவியிடம், ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டேன். "ஐயா, எங்கயோ ஒரு மந்திரி முகத்தைச் சுளிச்சாப் போதும், நம்ம போன் பெட்டி எல்லாம் துறைமுகத்துலயே நின்னுடும். நமக்கு நூத்திப்பத்து நாடு. நூத்திப்பத்துலயும் ஒருத்தருக்கும் கோபம் வராத கதைதான் வேணும்" என்றாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. யோசித்துப் பார், நம் வீட்டுக் கல்யாணம் ஒன்றிலாவது ஒரு ஆளைக் கோபமில்லாமல் வழியனுப்ப நம்மால் முடிந்திருக்கிறதா? இவர்கள் உலகத்தையே அப்படி அனுப்பப் பார்க்கிறார்கள்.

எங்களிடம் வருகிற தொடரில் எழுதியவர் பெயர் இருக்காது. பாரபட்சம் வரக்கூடாது என்று எடுத்துவிடுவார்கள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது என்று நாற்பத்தோரு பக்கத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நீயோ, ஒரு தொடர் எழுதுகிறேன் என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டபோதுதான், "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, முதல் வரியிலயே குத்தம் கண்டுபிடிப்பாருன்னு அவதான் சொன்னா" என்று அசடு வழிந்தார். நீ சொன்னது தப்பு. இரண்டாவது வரியில்தான் கண்டுபிடித்தேன்.

நாலு மாடிக் குடியிருப்பு, இரண்டு படிக்கட்டு, தண்ணீர் மோட்டாரின் சாவியைப் பத்தொன்பது வருஷமாக இடுப்பிலேயே வைத்திருக்கிற சங்கத் தலைவர், அவரை எதிர்த்துத் தேர்தலில் நிற்கிற கீழ்வீட்டுத் தையல்காரம்மா. பார்த்தவுடன் எனக்குக் கை பரபரவென்றது. தேர்தலா? ஒன்று. தலைவரா? இரண்டு. பின்படிக்கட்டுக்காரர்களுக்கு முக்கால் மணி நேரம்தான் தண்ணீரா? மூன்று, நாலு, ஐந்து. நடுநடுவே சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரிப்பு வந்தால் அதற்கும் ஒரு ஆட்சேபம் போட வேண்டும், யாரைப் பார்த்து என்று கேட்பார்களல்லவா. ஆறாவது பாகம் முடிகையில் முந்நூற்றுத் தொண்ணூறு. மாடியே என் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு பையன் போட்டோகூட எடுத்தான்.

ஏழாவது பாகத்தில் ஒருத்தன் வந்தான். இரண்டாவது மாடியில் இருக்கிறான், எதற்கெடுத்தாலும் புகார் எழுதுகிறான், குடியிருப்பே அவனைப் புகார்ப் பெட்டி என்று கூப்பிடுகிறது. இப்படி ஒரு பிறவி எங்கும் கிடையாது, ஓய்வுபெற்ற புகார்ப் பிரிவு ஊழியர்கள் மனம் புண்படும் என்று முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்றாவது ஆட்சேபத்தை எழுதினேன். அப்புறம் அவன் தங்கைக்கு ஆபரேஷன். இவன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று ஆஸ்பத்திரிக்கு மூன்று பக்கம் புகார் எழுதுகிறான். நர்ஸ் கோபித்துக்கொள்கிறாள். தையல்காரம்மா அவளிடம் சொல்கிறாள்: "விடும்மா. அவருக்குப் பயம். பயத்தை எழுதுறதுக்கு அவருகிட்ட படிவம் இல்ல."

மூன்று பக்கம் இல்லை, நாலு பக்கம். அந்த மின்விசிறி உண்மையிலேயே சத்தம் போட்டது. ஆனால் நீ உள்ளே மயக்கத்தில்தானே கிடந்தாய், உனக்கு யார் சொன்னது? அந்த நாற்காலியில், என் முதுகை ஞாபகம் வைத்திருக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்து, "எந்த நாட்டுக்கு ஆட்சேபம் ஐயா?" என்று கேட்டாள். இருபது வருஷம் யார் யாருடைய வாயசைவுக்கோ டப்பிங் வசனம் எழுதிக் கொடுத்தவள், முதல் தடவையாக உன் வாயால் பேசியிருக்கிறாய். அதில் என்னையும் சேர்த்துப் பேசியிருக்கிறாய். எனக்கு ஏற்பட்ட பிரமிப்பை எழுதத் தெரியவில்லை.

பிறகு கடமை. ஆரம்பித்ததைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை, எட்டாவது பாகத்தையும் முடித்தேன், நானூற்றுப் பன்னிரண்டில் நின்றது. முடித்த கையோடு எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம் என்று தேடினால், ஆட்சேபம் சேர்க்கத்தான் பொத்தான் இருக்கிறது, எடுக்க இல்லை. தலைவியிடம் கெஞ்சினேன். "ஐயா, ஒருத்தருக்கு ஒரு தடவை தோணிடுச்சுன்னா அது உலகத்துல எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றாள். அடேயப்பா, என்ன தெளிவு! நீ என் தங்கை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

வெட்டுகிற கூட்டம் மூன்று நாள் நடந்தது. அப்படி ஒரு பக்குவத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒருத்தர்கூடக் குரலை உயர்த்தவில்லை. முதலில் தேர்தல் போயிற்று. தேர்தல் இல்லாத தலைவர் எதற்கு என்று அவரும் போனார். தண்ணீருக்கு எங்கெங்கோ நாடுகளுக்குள் தகராறாம், ஆகவே தண்ணீர் போயிற்று; தண்ணீர் இல்லாத மோட்டார், மோட்டார் இல்லாத சாவி. இரண்டு படிக்கட்டு இருந்தால் இரண்டு தரப்பு என்று ஒன்றை அடைத்தார்கள், மிச்சமிருந்தது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சந்தேகம் வந்து அதையும் எடுத்தார்கள். புகார்ப் பெட்டி போனான். தையல்காரம்மா எதிர்த்து நிற்கக் கூடாது என்றார்கள், சும்மா நிற்கலாம் என்றார்கள். சும்மா நிற்கிறாள். படிக்கட்டுக்குப் பதிலாக வைத்த லிஃப்டின் கதவு திறக்கிறது, மூடுகிறது. வாளி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. 'மோட்டார் சாவி' என்ற தலைப்பை 'மாலை வணக்கம்' என்று மாற்றி, காலையில் பார்ப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று யோசித்து, கடைசியில் 'தொடர்' என்றே வைத்துவிட்டார்கள். எல்லோரும் சத்தம் வராமல் கை தட்டினோம்.

தங்கச்சி, கோபப்படாதே. இத்துடன் ஒப்புதல் கடிதம் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடு. போட்டால் பதினோரு நிமிடத்துக்கு முன்னால் உன் பெயர் நாலு வினாடி வரும். நூற்றுப்பத்து நாட்டில் நாலு வினாடி! போடாவிட்டால் எட்டு பாகமும் அலமாரிக்குப் போய்விடும். அந்த அலமாரியையும் பார்த்தேன், கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, திறப்பதற்குக் கைப்பிடி வைக்கவில்லை. ஆறு வருஷ உழைப்பு என்று நீ கத்துவது இங்கே கேட்கிறது. பெரிய இடம் அம்மா, அவர்களுக்குத் தெரியாததா? நாம் அனுசரித்துத்தான் போக வேண்டும்.

மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். உன் அண்ணி உன்னை ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், உன் கை ஓயாமல் எழுத வேண்டும் என்று மனதார வாழ்த்துகிற,

உன் அண்ணன்.

பி.கு.: கையெழுத்துப் போடாதே. ஒப்புதல் கடிதத்தை உறையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன், தேடாதே. மேலே எழுதியதெல்லாம் ஐந்து நாளுக்கு முன்பு. தபாலில் போடுமுன் அந்தப் பதினோரு நிமிடத்தை ஒரு தடவை பார்த்தேன். மனசு கேட்கவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே தொடருக்கு இரண்டு வடிவம் இருந்தால், ஆட்சேபம் குறைந்ததுதான் வெளியாக வேண்டும், விதிவிலக்குக் கிடையாது. ஒன்றுமே இல்லாததில் என்ன ஆட்சேபம் இருக்கப்போகிறது என்று வெட்டிய வடிவத்தை யாரும் பரிசீலிக்கவே இல்லை. நான் உட்கார்ந்தேன். கதவு திறக்கிறது: எல்லையைத் திறந்துவிடு என்கிறது. மூடுகிறது: அகதிகளை விரட்டுகிறது. அந்த அம்மா யாரை எதிர்த்து நிற்கிறாள் என்று சொல்லாததால் நூற்றுப்பத்து அரசாங்கமும் தன்னைத்தான் என்று நினைக்கும். கவிழ்ந்த வாளி: ஆட்சிக் கவிழ்ப்பு. நாலு நாள், தங்கச்சி! கண் பூத்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு வந்து உன் முழு வடிவத்துக்குச் சமமாக நின்றது; ஜெயிக்க இன்னும் ஒன்று வேண்டும். அதற்குமேல் என்ன முட்டியும் ஒன்றுகூடத் தோன்றவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதை எழுதினால் வேலை போய்விடும். எழுதினேன், போய்விட்டது. உன் அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல், எனக்குத் தைரியமில்லை. எட்டு பாகமும் வெள்ளிக்கிழமை முழுசாக வருகிறது. விதி விதிதான் என்று தலைவியே கையெழுத்திட்டுவிட்டு என்னை லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினாள். அந்த நானூற்றுப் பதின்மூன்றாவது ஆட்சேபம் இதுதான்: "இதில் என் தங்கை எங்கேயும் இல்லை."