காற்றுப் புகாத தையல்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் நலமா? இங்கே தங்கள் மகள் நலம், நான் பரவாயில்லை.

கல்யாணமாகி நான்கு வருடத்தில் தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. "விண்கலத்தைக் கொளுத்திவிட்டாயாமே, என் மகளை அனுப்பி வை" என்று ஒரே வரி. ஒரு வரியானாலும் கடிதம்தான், நன்றி. ஆனால் நான் எதையும் கொளுத்தவில்லை மாமா. விண்கலத்துக்காகத் தங்கள் மகள் செய்த மின்சாரப் பெட்டிக்கு, விண்வெளியின் வெயிலும் குளிரும் தாக்காமல் பளபளவென்று உறை தைத்தேன், அவ்வளவுதான். ஊசி போன ஓட்டையைக்கூட டேப் ஒட்டி அடைத்தேன். சோதனைக்காக அதை இரும்பு அறைக்குள் வைத்து, விண்வெளி மாதிரியே இருக்கக் காற்றை உறிஞ்சினார்கள். காற்றில்லை என்றது மீட்டர். ஸ்விட்சைப் போட்டார்கள். உறையின் ஓரமாக ஊதா நிறத்தில் அப்படியொரு வெளிச்சம்! நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் கைதட்டினேன்.

ஒரு பாகம் கருகி, பெட்டி அணைந்துவிட்டது. மூன்று நாள் விசாரணை, எல்லோர் கண்ணும் தங்கள் மகள் மேல். அவள் சாப்பிடவே இல்லை. "என்னதான் ஆச்சு?" என்றேன். "காத்து நிறைய இருந்தா மின்சாரம் தாண்டாது. சுத்தமா இல்லைன்னாலும் தாண்டாது. ரெண்டுங்கெட்டானா கொஞ்சூண்டு இருந்தா பாய்ஞ்சிடும். அந்தக் கொஞ்சம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கொஞ்சம் காற்று வெளியேற வழியில்லாமல் என் உறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! நேரே தலைமைப் பொறியாளரிடம் போய், "தப்பு என்னோடதுதாங்க" என்றேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உங்க தையல்ல ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை" என்றார். இப்போது உறை முழுக்க ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நாளை மறுசோதனை. என் வேலை போனாலும் போகட்டும், அவளை மட்டும் கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் கோபம் குறையவும் ஆயுள் கூடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாத மாப்பிள்ளை

பி.கு.: அப்பா, இது நான். நேற்று தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். உறைக்கு வரைபடம் போட்டது நான். காற்று வெளியேறத் துளை காட்ட மறந்ததும், ஊசி ஓட்டையை அடைக்கச் சொல்லி எழுதியதும் நானேதான். இவருக்கு அது தெரியும். வரைபடத்தைத் தையல் மெஷின் டிராயரில் ஒளித்து வைத்திருந்ததை இன்று காலை கண்டுபிடித்தேன். தலைமைப் பொறியாளரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாகத் திட்டினார், பிறகு மறுசோதனைக்கு ஸ்விட்சைப் போடச் சொன்னார். பெட்டி ஓடுகிறது. எங்கள் இருவருக்கும் வேலை இருக்கிறது. எனக்கு விஷயம் தெரியும் என்று இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் நேரில் வந்து ஒரு தடவை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுங்கள், அப்புறம் சொல்கிறேன்.