மேல்வரிசைப் பற்போர்

வாழ்க பெரியப்பா! நாற்காலியின் சாய்மானத்தை ஒருநாளும் நாடாத முதுகெலும்பின் வேந்தர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையின் காவலர், குடும்பத்தில் எந்தப் பேச்சுக்கும் முற்றுப்புள்ளி வைக்கும் உரிமையைத் தந்தையிடமிருந்து பெற்று ஒரு துளியும் சிந்தாமல் வைத்திருக்கும் பெருந்தகை, அவர் நீடு வாழ்க! அன்னார் ஒரு பால் மிட்டாயோடு பொருத பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். பல்லுடையோரும் கேட்க, பல் இழந்தோரும் கேட்க.

போருக்கு மூலம் தம்பி மகளின் காதல். அவள் தேர்ந்துகொண்டவன் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் மெழுகோடும் அச்சோடும் மல்லுக்கட்டுபவன். குணத்தில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் அவனுடைய சொந்த முன்பற்கள் இரண்டும், பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிப்பவர்களைப் போல, உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. புகைப்படத்தைக் கையிலேந்திய பெரியப்பா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி அணிந்து, தீர்ப்புரைத்தார்:

"நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாருக்கும் பல்லு வரிசை தப்பினதில்ல. இனிமேலும் தப்பாது."

இவ்வாக்கை அருளிய திருவாயின் மேல்வரிசை முழுவதும் விலைக்கு வாங்கியது என்பதை அறிந்தவர் அவரும், ஊரின் மறுகோடியில் இருந்த பல் மருத்துவரும் மட்டுமே. கண் பரிசோதனை என்று வீட்டில் சொல்லிவிட்டு நான்கு முறை போய் வந்து கட்டிய கோட்டை அது.

பெண் விடவில்லை. "ஒரு படம் முடியுற வரைக்கும் அவர் பக்கத்துல உக்காந்து பாருங்க பெரியப்பா. அப்புறமும் வேண்டாம்னா நான் பேச்சே எடுக்கல" என்றாள். ஆகவே மதியக் காட்சி. இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன், நடுவே மலைபோல் பெரியப்பா. படம் விட்டதும் வாசலில் முடிவு சொல்வதாக ஏற்பாடு. திரையிலோ, பார்த்த மாத்திரத்தில் ஆளை ஒதுக்கும் கண்ணாடிக் கடைக்காரி ஒருத்தி, தொந்தி பெருத்த பேருந்து ஓட்டுநரின் தங்கமான மனசைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தை வைத்து மனிதரை எடைபோடுவது மகா பாவம் என்பதைப் பெரியப்பா மனதார ஒப்புக்கொண்டார். பல் முகத்தில் சேர்த்தியில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார்.

அப்போது பெண் அந்த மிட்டாயை நீட்டினாள். அவர் ஒரு கணம் தயங்க, "பல்லுக்கு ஆகாதா பெரியப்பா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். குல மானம் கொதித்தெழுந்தது. "எனக்கா?" என்றவர் தாளைப் பிரித்து மிட்டாயை வாய்க்குள் எறிந்தார்.

ஐயகோ! முதற்கடியில் பணிந்தவன்போல் நடித்து, இரண்டாம் கடியில் இளகி, மூன்றாம் கடியில் பசையெனப் படர்ந்த அப்பாதகன் மேற்கோட்டையைக் கீழ்மதிலோடு சேர்த்துப் பிணைத்தான். நாவெனும் தளபதி இடப்புறம் பாய்ந்து வழுக்க, வலப்புறம் பாய்ந்து சிக்க, உமிழ்நீர் ஆறாய்ப் பெருகிக் கரை தேட, தாடையெனும் களிறு வெகுண்டு மதிலை முட்ட, 'டக்' என்ற ஓசையோடு கோட்டை அடித்தளம் விட்டு எழுந்தது. கைக்குட்டையின் மறைவில் ஒரு விரலைத் தூது அனுப்பினார், விரலும் சிறைப்பட்டது. படமோ முடியும் தறுவாயில் இருந்தது. விளக்கெரிந்ததும் வாய் திறந்து தீர்ப்புச் சொல்லவேண்டும். திறந்தால், மூன்று தலைமுறைப் பல்வரிசைப் புகழும் மிட்டாயோடு மடியில் விழும்.

அந்த 'டக்' சத்தம் பெண்ணுக்குக் கேட்கவில்லை. அதையே கேட்டுப் பிழைப்பவனுக்குக் கேட்டது. அவன் திரையிலிருந்து கண் எடுக்காமல், "தண்ணி ஒரு பாட்டில் வாங்கிட்டு வாயேன்" என்று பெண்ணிடம் சொன்னான். "கிளைமாக்ஸ்ல போய்க் கேக்குறியே, உனக்கு அறிவிருக்கா?" என்று முணுமுணுத்தபடி அவள் போனாள். அவள் தலை மறைந்ததும் அவன் கையிலிருந்த சூடான டீக் குவளை பெரியப்பாவின் கைக்கு வந்தது.

"இழுக்காதீங்க ஐயா, உடைஞ்சிரும். ஒரு வாய் டீயை அப்படியே வெச்சிருங்க. தானா விட்டுரும்."

வீரர் கீழ்ப்படிந்தார். சூட்டில் பகைவன் உருகினான், பிடி தளர்ந்தான், தொண்டை வழியே புறமுதுகிட்டான். விரல் விடுதலையானது. கோட்டை தன் இடத்தில் அமர்ந்தது.

"எதுவும் ஆகல ஐயா. எங்க கூடத்துல செஞ்சதுதான் இது. அந்த ஓரப் பல்லை நான்தான் லேசா சாய்ச்சு வெச்சேன். எல்லாம் ஒரே வரிசையா இருந்தா பொய்ப்பல்னு தெரிஞ்சிரும்."

பெரியப்பா அந்தச் சாய்ந்த பல்லைத்தான் தினமும் காலையில் கண்ணாடியில் பார்த்து, அப்படியே அப்பாவைக் கொண்டிருக்கிறது என்று மகிழ்ந்து வந்தார்.

விளக்குகள் எரிந்தன. தண்ணீர் பாட்டிலோடு திரும்பிய பெண், கேட்கப் பயந்து, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாத்து வாங்க ஐயா, படி இருக்கு" என்றான் அவன். இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் முட்டி நிற்க, பெரியப்பா அந்தப் படியிலேயே நின்று, நெஞ்சு நிமிர்த்தி, முழங்கினார்:

"ஐயா என்ன ஐயா? மாமான்னு கூப்பிடு."

"அப்போ பல்லு, பெரியப்பா?" என்றாள் பெண், நம்ப முடியாமல்.

"பல்லுல என்னம்மா இருக்கு?"

அவன் வாய் திறக்கவில்லை. அன்றும் திறக்கவில்லை, மணமான பின்னும் திறக்கவில்லை. அந்த மௌனத்தைக் கவசமாய்ப் பூண்டு, தோல்வியின் வடு தெரியாத வெற்றி வேந்தராய், தம்பி மகள் ஒருபுறமும் வருங்கால மாப்பிள்ளை மறுபுறமும் சூழ, மானங்காத்த பெருமான் நகர்வலம்போல் நடந்து வீடு சேர்ந்தார்.

பிறகு குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, பல்லைக் கழற்றிக் கழுவினார்.